பழைய சிஎன்சி மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே புரோகிராம் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், காக்களூர் என்று எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும், 25, 30 வருடம் ஓடிய சிஎன்சி மெஷின் (புரோகிராம் படி தானாக உலோகத்தை வெட்டும் மெஷின்) ஒன்றாவது கண்ணில் படும். காஸ்டிங் அப்படியே இருக்கிறது, ஸ்பிண்டில் சத்தமில்லாமல் சுற்றுகிறது, இன்னும் மைக்ரான் கணக்கில் ஜாப் வருகிறது. ஆனால் பென்டிரைவ் செருக இடமில்லை. பேனல் பக்கத்தில் கூலண்ட் பிசுக்கு படிந்த ஒரு மூடி, அதைத் திறந்தால் 25 பின் சாக்கெட். அவ்வளவுதான்.

அந்தச் சாக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்கு வரும் போன்களில் பாதி. கண்ட்ரோல், அதாவது மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர், அதன் சர்வீஸ் வேலையில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நம் பக்கத்தில் அதிகம் இருப்பது ஃபானுக் கம்பெனி கண்ட்ரோல் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேபிள் இப்போதுதான் வாங்கினேன். முதலில் எந்த புரோகிராமை அனுப்பிப் பார்க்கலாம்?

எதையும் உள்ளே அனுப்ப வேண்டாம். முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள்.

இதை நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கண்ட்ரோலில் புரோகிராம், பாராமீட்டர் (அந்த மெஷினுக்கென்று போட்ட செட்டிங் எண்கள்), ஆஃப்செட் (டூல், ஜாப் இவற்றின் அளவுத் திருத்தங்கள்) எல்லாம் பேட்டரி தாங்கிப் பிடிக்கும் மெமரியில்தான் இருக்கின்றன. பல மெஷின்களில் அது டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் மூன்று, அவ்வளவே. திரையின் ஓரத்தில் பேட்டரி எச்சரிக்கை மின்னினால் அன்றைக்கே செல் வாங்குங்கள். மாற்றும்போது மெஷின் பவர் ஆன் ஆகவே இருக்க வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு பழைய செல்லைக் கழற்றினால் மெமரி காலி. பொங்கல் லீவுக்கு மெஷினை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து ஆன் செய்தபோது திரை முழுக்க அலாரம் நின்ற ஒரு டூல் ரூமில் 3 நாள் உட்கார்ந்து பாராமீட்டரை ஒவ்வொன்றாக விரலால் அடித்திருக்கிறேன். கேபிள் வழியாக அனுப்பியிருந்தால் சில நிமிட வேலை.

எதை எதை எடுத்து வைக்க வேண்டும்? புரோகிராம் மட்டும் போதாதா?

போதாது. புரோகிராம் போனால் திரும்ப எழுதிவிடலாம், பாராமீட்டர் போனால் மெஷின் மெஷினாகவே இருக்காது. பாராமீட்டர், பிட்ச் எரர் அட்டவணை (ஸ்க்ரூவின் அளவுப் பிழைக்கான திருத்தம்), பிஎம்சி பாராமீட்டர் (ஸ்விட்ச், வால்வு போன்றவற்றை நடத்தும் பகுதிக்கானது), டூல் ஆஃப்செட், வொர்க் ஆஃப்செட், மேக்ரோ வேரியபிள், அதற்கப்புறம் புரோகிராம்கள். ஃபானுக் 0 கண்ட்ரோலில் ஓ-9999 என்று அடித்து வெளியே அனுப்பும் பட்டனை அழுத்தினால் எல்லா புரோகிராமும் வரிசையாக வந்துவிடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 9000 முதல் 9999 வரையுள்ள புரோகிராம்களை மெஷின் செய்தவர்கள் பூட்டி வைத்திருப்பார்கள். டூல் சேஞ்ச், பேலட் சேஞ்ச் போன்ற மேக்ரோக்கள் அங்கேதான் இருக்கும். பூட்டு இருக்கும்வரை அவை மொத்தமாக எடுக்கும்போது வராது. ஃபானுக் 16, 18, 21 வரிசைகளில் பாராமீட்டர் 3202-இன் 4-ஆம் பிட்டை 0 ஆக்கினால் திறக்கும். எடுத்து முடித்ததும் மறக்காமல் மறுபடி 1 போடுங்கள். யாராவது தெரியாமல் டூல் சேஞ்ச் மேக்ரோவை அழித்துவிட்டால் அன்றைய ஷிப்ட் போச்சு.

கண்ட்ரோல் கேபினெட் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அல்லது உறையில் மடித்து வைத்திருப்பார்கள். அதுதான் மெஷினோடு வந்த பாராமீட்டர் பட்டியல். ஃபானுக் 0-வில் 900 வரிசைப் பாராமீட்டர்கள் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஆப்ஷன்களைச் சொல்பவை. அந்தத் தாள் இல்லாவிட்டால் அவற்றை ஊகித்துப் போட முடியாது. இன்றைக்கே போனில் படம் எடுத்து, மெயிலில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்.

மெஷின் செட்டிங்கில் வரும் 7 பிட், ஈவன் பாரிட்டி எல்லாம் ஏன்? கம்ப்யூட்டரில் எப்போதும் 8 தானே?

மெஷின் இன்னும் தன்னைப் பேப்பர் டேப் படிக்கும் மெஷின் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு அங்குல அகல டேப்பில் குறுக்கே 8 துளைகள். 7 துளை எழுத்துக்கு, ஒன்று சரிபார்ப்புக்கு. ஐஎஸ்ஓ கோடில் ஒவ்வொரு வரிசையிலும் துளைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இஐஏ கோடில் ஒற்றைப்படை. அந்த இரட்டைப்படைதான் ஈவன் பாரிட்டி. டேப் போய் கேபிள் வந்தபிறகும் கணக்கு மாறவில்லை.

மெமரியைக்கூட மீட்டரில் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? 80 மீட்டர் என்றால் 80 மீட்டர் டேப்பில் அடங்கும் அளவு. அங்குலத்துக்கு 10 எழுத்து என்று கணக்குப் போட்டால் சுமார் 31,500 எழுத்து. இன்று நாம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ஒரு போட்டோவுக்குக்கூட அந்த இடம் பத்தாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடிமேட் கேபிள் கிடைக்கிறது. அதையே வாங்கிப் போடலாமா?

வேண்டாம் என்பேன். கனெக்டர், ஷீல்டு உள்ள ஒயர், கவர் மூன்றையும் அங்கே வாங்கி, நீங்களே சால்டர் செய்யுங்கள். காரணம் இருக்கிறது. ஃபானுக்கின் 25 பின் சாக்கெட்டில் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் வரும். அந்தக் காலத்து டேப் ரீடருக்குக் கொடுத்த சப்ளை அது. 25 ஒயரும் நேருக்கு நேர் போட்ட ரெடிமேட் கேபிளைச் செருகினால் அந்த 24 வோல்ட் கம்ப்யூட்டர் பக்கம் போய் நிற்கும்.

நீங்கள் செய்யும் கேபிளில் மூன்றே ஒயர் போதும். கம்ப்யூட்டர் பக்கம் 9 பின், மெஷின் பக்கம் 25 பின் என்று வைத்துக்கொள்வோம். 9 பின்னில் உள்ள 2, மெஷினின் 2-க்கு. 3, மெஷினின் 3-க்கு. 5, மெஷினின் 7-க்கு. "கிராஸ் செய்ய வேண்டாமா சார்?" என்று எல்லோரும் இங்கே கேட்பார்கள். 9 பின்னில் 2 என்பது வாங்குவது, 25 பின்னில் 2 என்பது அனுப்புவது. எண் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு, அதனால் நேராகப் போட்டாலே கிராஸ் ஆகிவிடும். இரண்டு பக்கமும் 25 பின் என்றால்தான் 2-ஐ 3-க்கு மாற்ற வேண்டும்.

அப்புறம் குறுக்கு இணைப்புகள். மெஷின் பக்கக் கவருக்குள் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு சின்ன ஒயர். 6, 8, 20 மூன்றையும் சேர்த்து இன்னொன்று. கம்ப்யூட்டர் பக்கம் 7-உம் 8-உம், பிறகு 1, 4, 6. ஷீல்டை மெஷின் பக்கம் மட்டும் 1-ஆம் பின்னில் கட்டுங்கள். 25-ஐத் தொடவே வேண்டாம்.

எந்தப் பின் அனுப்புகிறது என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, மெஷினின் 7-இல் கறுப்பு முனை, 2-இல் சிவப்பு முனை வையுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்குள் நிலையாக நின்றால் அதுதான் அனுப்பும் பின். கம்ப்யூட்டர் பக்கம் அதே சோதனை 5-க்கும் 3-க்கும். நான் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்த மெஷினிலும் கேபிளைச் செருகுவதில்லை.

லேப்டாப்பில் சீரியல் போர்ட்டே (அந்த 9 பின் சாக்கெட்) இல்லையே?

யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் வாங்க வேண்டும். எஃப்டிடிஐ சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பலவற்றில் போலிச் சிப் இருக்கும். புது விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து இரண்டு நாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாங்கியதும் மெஷினுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே சோதியுங்கள். கன்வர்ட்டரின் 2, 3 பின்களை ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து, டெரா டெர்ம் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து ஏதாவது அடியுங்கள். அடித்த எழுத்து திரையில் திரும்பி வந்தால் கன்வர்ட்டர் நல்லது. இன்னொன்று, கன்வர்ட்டரை வேறு யூஎஸ்பி ஓட்டையில் மாற்றிச் செருகினால் காம் நம்பர் மாறலாம். "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்ற புகாரில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

எந்த சாஃப்ட்வேர்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

அவசியமில்லை. முன்பு விண்டோஸோடு ஹைப்பர்டெர்மினல் வந்தது, விஸ்டாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெரா டெர்ம் இலவசம், ஒரு மெஷினுக்கு அது போதும். 5, 6 மெஷின் இருந்து தினமும் அனுப்புகிறீர்கள் என்றால் டிஎன்சி சாஃப்ட்வேர் (பல மெஷின்களுக்குப் புரோகிராம் அனுப்பவென்றே செய்தது) வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மெஷினில் என்ன செட்டிங் போடுவது?

பழகிய கூட்டணி இது: 4800 பாட் (வினாடிக்கு 4800 பிட் வேகம்), 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட், மென்பொருள் வழி ஹேண்ட்ஷேக் (நிறுத்து, அனுப்பு என்பதைக் குறிகளால் சொல்லும் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப்). ஃபானுக் 0-வில் ஐஓ 0 என்று வைத்தால் வேகம் பாராமீட்டர் 552-இல் இருக்கும். 10 என்றால் 4800, 11 என்றால் 9600. 16, 18, 21-இல் பாராமீட்டர் 20 சேனலைச் சொல்லும், 103 வேகத்தை. அங்கும் 10, 11 அதே அர்த்தம், 12 என்றால் 19200. பாராமீட்டர் எழுத அனுமதி கொடுத்தவுடன் அலாரம் 100 வரும், பயப்பட வேண்டாம். வேலை முடிந்து அனுமதியை எடுத்துவிட்டு கேன், ரீசெட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போய்விடும்.

வேகத்தை முதல் நாளே ஏற்றாதீர்கள். 4800-இல் ஒரு மாதம் சுத்தமாக ஓடட்டும். கேபிளை 15 மீட்டருக்குள் வையுங்கள், ஸ்பிண்டில் மோட்டார் ஒயரோடு ஒரே டிரேயில் போட வேண்டாம்.

யார் முதலில் பட்டனை அழுத்த வேண்டும்?

வாங்குகிறவர் முதலில். கையை நீட்டியபிறகுதானே கொடுக்க முடியும்? மெஷினுக்கு அனுப்பும்போது, புரோகிராம் பாதுகாப்புச் சாவியைத் திறந்து, எடிட் மோடில் வைத்து, படிக்கும் பட்டனை அழுத்துங்கள். திரையின் அடியில் எல்எஸ்கே என்று மின்னும். அது மெஷின் காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கம்ப்யூட்டரில் அனுப்புங்கள். மெஷினிலிருந்து எடுக்கும்போது முதலில் கம்ப்யூட்டரில் வாங்கும் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு, மெஷினில் அனுப்பும் பட்டனை அழுத்துங்கள்.

அலாரம் 85, 86, 87 மாறி மாறி வருகிறது. போர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த மூன்றும் மூன்று வேறு கதை.

86 வந்தால் மெஷின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. 6-ஆம் பின்னுக்கு வர வேண்டிய சிக்னல் வரவில்லை. கவரைத் திறந்து 6, 8, 20 இணைப்பைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை சால்டர் விட்டிருக்கும்.

85 வந்தால் சிக்னல் வருகிறது, ஆனால் பாஷை புரியவில்லை. வேகம், பிட், பாரிட்டி இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை.

87 வந்தால் மெஷின் "நிறுத்து" என்று சொல்லியும் கம்ப்யூட்டர் கேட்கவில்லை. மெமரிக்கு எழுத நேரம் வேண்டும்போது மெஷின் ஒரு நிறுத்தக் குறியை அனுப்பும். அதற்குப்பிறகு 10 எழுத்துக்கு மேல் வந்தால் 87. நேரடி சீரியல் போர்ட் இருந்த காலத்தில் இது அபூர்வம். யூஎஸ்பி கன்வர்ட்டர் எழுத்துகளை மொத்தமாக அள்ளித் தன்னிடம் வைத்துக்கொண்டு அனுப்புவதால், நிறுத்து என்ற பிறகும் கையில் இருப்பதைக் கொட்டிவிடும். டிவைஸ் மேனேஜரில் பஃபர் அளவைக் குறையுங்கள். எஃப்டிடிஐ என்றால் லேட்டன்சி 16 மில்லிசெகண்ட் என்று இருப்பதை 1 ஆக்குங்கள். அனுப்பும் சாஃப்ட்வேரில் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

70 என்றால் மெமரியில் இடமில்லை. 73 என்றால் அந்த ஓ நம்பர் (புரோகிராம் நம்பர்) ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ஃபைல் முழுவதும் போய்விட்டது, ஆனால் ஜாப் தப்பாக வருகிறது. கேபிள் தப்பாக அனுப்புமா?

அனுப்பலாம். ஒரு பிட் தவறினால் பாரிட்டி பிடித்துவிடும். ஒரே எழுத்தில் இரண்டு பிட் தவறினால் பிடிக்காது. அதனால் முக்கியமான புரோகிராமை அனுப்பியவுடன் மறுபடி வெளியே எடுத்து, இரண்டு ஃபைலையும் வின்மெர்ஜ் போன்ற ஒன்றில் ஒப்பிடுங்கள். இரண்டு நிமிடம்தான்.

ஆனால் நான் பார்த்த கோளாறுகளில் அதிகம் கேபிளால் வந்தவை அல்ல, புள்ளியால் வந்தவை. இசட்50 என்று எழுதி புள்ளியை விட்டுவிட்டால், பல பழைய மெஷின்களில் அது 50 மில்லிமீட்டர் இல்லை, 0.050 மில்லிமீட்டர். மேலே போக வேண்டிய டூல் முடி அளவு மட்டும் நகர்ந்து, அடுத்த வரியில் ரேப்பிடில் வைஸைத் தேடிப் போகும். கம்ப்யூட்டரில் திருத்தும் ஒவ்வொரு தடவையும் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள்.

ஃபைல் % குறியோடு தொடங்கி, அடுத்த வரியில் ஓ நம்பர், கடைசி வரியில் மறுபடி % என்று இருக்க வேண்டும். எல்லாம் பெரிய ஆங்கில எழுத்து. நோட்பேடில் மட்டும் திருத்துங்கள், வேர்டில் திருத்தினால் மைனஸ் குறியை நீளக் கோடாக மாற்றிவிடலாம். புரோகிராமை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள், மெசேஜில் ஒட்டச் சொல்லாதீர்கள்.

மோல்டு புரோகிராம் மெமரியில் அடங்கவில்லை. டிரிப் ஃபீடில் ஓட்டும்போது மெஷின் திக்கித் திக்கிப் போகிறது. ஏன்?

சர்வோவைச் சந்தேகப்படுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுவோம். டிரிப் ஃபீட் என்றால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாக ஊட்ட, மெஷின் வெட்டிக்கொண்டே போவது. நம் செட்டிங்கில் ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் 1, தகவல் 7, பாரிட்டி 1, ஸ்டாப் 2, மொத்தம் 11 பிட். 4800-ஐ 11-ஆல் வகுத்தால் வினாடிக்கு 436 எழுத்து. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் உள்ள ஒரு வரிக்குச் சுமார் 22 எழுத்து. ஆக வினாடிக்கு 20 வரிகூட முழுதாகப் போகாது. ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீட்டர் நகர்வு என்றால் நிமிடத்துக்கு 119 மில்லிமீட்டர்தான். புரோகிராமில் ஃபீட் 1000 என்று போட்டிருப்பீர்கள். மெஷின் ஒரு வரியை வெட்டிவிட்டு அடுத்த வரிக்காக நிற்கும், வந்ததும் பாயும், மறுபடி நிற்கும். அந்தத் தடம் கேவிட்டியில் வரிவரியாகத் தெரியும், பாலிஷ் போடுகிறவர் உங்களைத் திட்டுவார்.

வேகத்தை 9600 ஆக்கினால் இரட்டிப்பு. அதைவிட நல்ல வழி கேமில் (புரோகிராமை உருவாக்கித் தரும் சாஃப்ட்வேர்) டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்தி, வரிகளின் நீளத்தைக் கூட்டுவது. தேவையில்லாத N வரி எண்களையும் இடைவெளிகளையும் எடுத்துவிடுங்கள், அதுவே நல்ல வித்தியாசம் காட்டும்.

டிரிப் ஃபீட் ஓடும்போது லேப்டாப் தூங்கக் கூடாது, அப்டேட் என்று தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் செருகலாமா?

கூடாது. இரண்டு பக்கத்தின் எர்த்துக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் இருந்தால், செருகும் அந்த நொடியில் அது சிக்னல் பின் வழியாகப் பாய்ந்து டிரைவர் சிப்பை எரித்துவிடும். மெஷினை அணைத்து, கேபிளைச் செருகி ஸ்க்ரூ முடுக்கி, பிறகு ஆன் செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். நிரந்தரமாக இணைத்து வைக்கிறீர்கள் என்றால் ஆப்டோ ஐசொலேட்டர் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை இடி மின்னலில் அது தன் விலையை ஒரே இரவில் திருப்பிக் கொடுத்துவிடும்.

என் மெஷினில் கார்டு ஸ்லாட் இருக்கிறது. அது போதுமா?

தாராளமாகப் போதும். பாராமீட்டர் 20-இல் 4 போடுங்கள், அடாப்டரில் சிறிய அளவுக் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டைச் செருகுங்கள். கேபிள் தொல்லையே இல்லை.

ஃபானுக் இல்லை, வேறு கண்ட்ரோல். இதே முறைதானா?

கேபிள் அடிப்படை ஒன்றுதான், பேசும் முறை வேறு. ஹைடன்ஹைனுக்கு டிஎன்சிரீமோ என்ற அவர்களுடைய சாஃப்ட்வேரைப் பயன்படுத்துங்கள். சீமென்ஸுக்கு அந்தக் காலத்தில் பிசின் என்ற டாஸ் புரோகிராம் இருந்தது. மசாட்ரால் புரோகிராம் சாதாரண எழுத்து ஃபைல் அல்ல, நோட்பேடில் திறந்து திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

எடுத்த ஃபைல்களை எங்கே வைப்பது?

மெஷின் இருக்கும் ஷெட்டில் மட்டும் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிக்ஜாமுக்குப் பிறகு அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் கண்ட்ரோலைத் திறந்தபோது கேபினெட் கதவிலிருந்த பாராமீட்டர் தாள் கூழாகி, விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. அதன் ஒரே நகல் இருந்த பென்டிரைவ் அதே ஷெட்டின் மேஜை கீழ் டிராயரில். ஒரு நகல் வீட்டில், ஒன்று மெயிலில் என்று இருக்கட்டும்.

அதே மாடல் மெஷின் இரண்டு இருக்கிறது. ஒன்றின் பாராமீட்டரை இன்னொன்றில் ஏற்றலாமா?

அப்படியே ஏற்றக் கூடாது. பிட்ச் எரர், பேக்லாஷ், ஹோம் பொசிஷனுக்கான கிரிட் ஷிஃப்ட், டூல் சேஞ்ச் நிலை இவை ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக அளந்து போட்டவை. ஒன்றுடையதை இன்னொன்றில் ஏற்றினால் மெஷின் ஓடும், ஆனால் டூல் சேஞ்சர் கை ஸ்பிண்டிலைத் தட்டும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதே மெஷினின் சீரியல் நம்பரையும் தேதியையும் சேர்த்து வையுங்கள். "விஎம்சி பெரியது", "விஎம்சி புதுசு" என்று வைத்தால், மூன்று வருடம் கழித்து இன்னொரு மெஷின் வந்தபிறகு எது புதுசு என்று யாருக்கும் நினைவிருக்காது.